டர்பனிலிருந்து சென்னை வரை: டிக்கெட் எடுப்பது முதல் தூக்கம் சரியாவது வரை

டர்பனிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் இல்லை. துபாய், தோஹா, அடிஸ் அபாபா என்று எங்காவது இறங்கி மாறித்தான் போக வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் வரை கணக்குப் போட்டால் ஏறக்குறைய ஒரு முழு நாள். முதல்முறை போகிறவர்கள் விமானம் பறப்பதை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் இந்தப் பயணத்திலேயே தொல்லை குறைந்த பகுதி அதுதான். சிக்கல் வருவது கவுன்டரில், ஸ்கேனர் முன்னால், மாறுகிற ஊரில், அப்புறம் போய்ச் சேர்ந்த பிறகு தூக்கத்தில். இதில் முக்கால்வாசியை டிக்கெட் எடுக்கும் அன்றும் பெட்டி கட்டும் அன்றுமே தீர்த்துவிடலாம். அதனால் இந்தக் கட்டுரையிலும் பெரும்பகுதி வீட்டில் செய்ய வேண்டிய வேலைகளைப் பற்றித்தான்.

டிக்கெட் எடுக்கும்போது

இரண்டு விமானங்களும் ஒரே பதிவு எண்ணில் இருக்கட்டும். டர்பன்–துபாய் ஒரு நிறுவனத்தில், துபாய்–சென்னை வேறொரு மலிவு நிறுவனத்தில் என்று தனித்தனியாக எடுத்தால் கொஞ்சம் ராண்ட் மிச்சமாவது போலத் தெரியும். ஆனால் அப்படிப் போனால் பெட்டி பெரும்பாலும் துபாயிலேயே இறங்கிவிடும். அதை எடுத்து மறுபடி போட நீங்கள் இமிக்ரேஷனைத் தாண்டி வெளியே வர வேண்டும், அதற்கு அமீரக விசா வேண்டும். தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட், இந்தியப் பாஸ்போர்ட் இரண்டுக்குமே பொதுவாக முன்கூட்டி வாங்கிய விசா தேவை. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், ஒரே பதிவில் இருப்பவருக்கு அடுத்த விமானத்தில் இடம் கொடுப்பது நிறுவனத்தின் பொறுப்பு. தனி டிக்கெட் வைத்திருப்பவருக்குப் பணம் போனது போனதுதான்.

மாறுவதற்கு இரண்டரை மணி முதல் நான்கு மணி நேரம் இருந்தால் நல்லது. வயதானவர்கள் தனியாகப் போகிறார்கள் என்றால் அப்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. "எனக்கு நன்றாக நடக்க வருமே" என்று தாத்தா மறுப்பார். நடப்பதற்காக இல்லை, அந்தப் பெரிய விமான நிலையத்தில் சரியான கேட் வரை ஒருவர் கூடவே வருவார் என்பதற்காக என்று எடுத்துச் சொல்லுங்கள்.

அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் போவதென்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றி யோசித்தாக வேண்டும். தென்னாப்பிரிக்காவில் அந்த நோய் இல்லை, ஆனால் எத்தியோப்பியாவும் கென்யாவும் அந்த நோய் வரக்கூடிய நாடுகளின் பட்டியலில் இருக்கின்றன. அந்த நாட்டு விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்கிவிட்டுத் திரும்பினால் தென்னாப்பிரிக்காவில் சான்றிதழ் கேட்பார்கள். இந்தியா இதில் இன்னும் கண்டிப்பு. வெளியே போய் ஓட்டலில் தங்கிவிட்டு, சான்றிதழ் இல்லாமல் வந்து இறங்கினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதன்பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். எனவே கடைசி வாரத்தில் ஓடிப் போய்ப் போட்டுப் பயனில்லை.

சாப்பாட்டையும் டிக்கெட்டோடேயே சொல்லிவிடுங்கள். நம் ஆட்கள் பலர் பட்டியலில் "இந்து உணவு" என்று பார்த்ததும் அதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். அது சைவம் இல்லை. மாட்டிறைச்சி இருக்காது, அவ்வளவுதான். கோழியோ ஆட்டுக்கறியோ மீனோ வரும். புரட்டாசி விரதத்தில் இருப்பவர், மாலை போட்டிருப்பவர், காவடிக்கு விரதம் பிடிப்பவர் எல்லாரும் தேர்ந்தெடுக்க வேண்டியது "ஆசிய சைவ உணவு". கிளம்புவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பாவது பதிவாகியிருக்க வேண்டும். விமானத்தில் ஏறிய பிறகு கேட்டால் கிடைக்காது.

காகிதங்கள்

இந்தியாவில் இறங்கும் நாளிலிருந்து பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்ல வேண்டும், இரண்டு பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்காரர்கள் இ-விசா எடுக்கலாம். அதற்கு இந்திய அரசின் தளத்துக்கே போங்கள்; அதே மாதிரி தோற்றத்தில் கூடுதல் பணம் பிடுங்கும் தளங்கள் நிறைய உண்டு. 2025 அக்டோபரிலிருந்து வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் வருகை அட்டையையும் இணையத்தில் நிரப்பலாம். இந்தியாவில் இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் அதை முடித்து, கைபேசியில் படமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து அப்பா அம்மாவை இங்கே வரவழைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இனிஷியல்தான் எப்போதும் தகராறு செய்யும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராக நிற்கும், டிக்கெட்டில் ஒற்றை எழுத்தாக இருக்கும், விசாவில் முன்பின் மாறியிருக்கும். மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று நீங்களே உட்கார்ந்து பாருங்கள், முகவரிடம் விட்டுவிடாதீர்கள். அவர்கள் இங்கே இறங்கியதும் பாஸ்போர்ட்டில் விழுந்த தேதியையும் பாருங்கள். அந்தத் தேதி தாண்டித் தங்கினால், 30 நாளுக்குள் என்றாலும் ஓராண்டு திரும்பி வர முடியாது, அதற்கு மேல் போனால் ஐந்தாண்டு. பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்காக ஒரு வாரம் தள்ளிப் போடுகிற விஷயம் இல்லை இது.

தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட் உள்ள பிள்ளை அப்பாவோடு மட்டும் அல்லது அம்மாவோடு மட்டும் போனால், இரு பெற்றோர் பெயரும் உள்ள முழுப் பிறப்புச் சான்றிதழும், வராதவரின் சம்மதக் கடிதமும், அவருடைய அடையாள ஆவண நகலும் கையில் இருக்க வேண்டும்.

பெட்டி கட்டுவது

கைப்பைக்குள் திரவம் என்றால் ஒவ்வொரு புட்டியும் 100 மில்லிக்கு மேல் கொள்ளாததாக இருக்க வேண்டும். எல்லாமே ஒரு லிட்டர் கொள்ளும், கண்ணுக்குத் தெரிகிற ஒரே பைக்குள் அடங்க வேண்டும். 2006 ஆகஸ்டில் லண்டனில் திரவ வெடிகுண்டுச் சதி ஒன்று பிடிபட்ட பிறகு வந்த விதி இது. புட்டியில் பாதிதான் இருக்கிறது என்பதை யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள். புட்டியின் மேல் அச்சிட்ட அளவைத்தான் பார்ப்பார்கள். நெய், ஊறுகாய், தேன், புளிக்காய்ச்சல், இட்லி மாவு எல்லாமே அவர்கள் கணக்கில் திரவம். எல்லாம் பெரிய பெட்டிக்குப் போகட்டும்.

பவர் பேங்க் நேர்மாறு. அது கைப்பையில் மட்டும்தான் வர வேண்டும், பெரிய பெட்டியில் போட்டால் பெட்டியைத் தனியே எடுத்துவைத்து உங்களைக் கூப்பிடுவார்கள். 100 வாட்-மணி வரை தடையில்லை. 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்டிருந்தால், வழக்கமான 3.7 வோல்ட் கணக்கில் அது 74 வாட்-மணி, கவலை வேண்டாம். எழுத்து அழிந்துபோன பழைய பவர் பேங்கை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், அளவு தெரியாவிட்டால் பிடுங்கிவிடுவார்கள். விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சில நிறுவனங்கள் சொல்கின்றன.

பூஜைச் சாமானைப் பற்றி எந்தப் பொதுவான பயண வழிகாட்டியிலும் இருக்காது. நமக்குத்தான் அது பிரச்சினை. சூடம் எளிதில் தீப்பற்றும் பொருள்; கைப்பையிலும் கூடாது, பெரிய பெட்டியிலும் கூடாது. முழுக் கொப்பரையும் அப்படியே, அதிலுள்ள எண்ணெய் சூடேறித் தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. ஊதுபத்தி போகலாம், தீப்பெட்டி வேண்டாம். விபூதியையும் குங்குமத்தையும் கடையில் வாங்கிய பாக்கெட் பிரிக்காமல், பெயர் தெரிகிற மாதிரி பெரிய பெட்டியில் வையுங்கள். வெள்ளைப் பொடியைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கைப்பையில் வைத்தால் யாராக இருந்தாலும் நிறுத்தத்தான் செய்வார்கள். வேல், அரிவாள்மணை, தேங்காய் துருவி எல்லாம் பெரிய பெட்டிக்கு.

ஸ்கேனர் திரையில் துணி, காகிதம், உணவு எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் தெரியும், உலோகம் நீலமாகத் தெரியும். கனமான உலோகம் என்றால் ஊடுருவவே முடியாமல் கறுப்பாக நிற்கும். வெண்கலக் குத்துவிளக்கை வேட்டியில் சுற்றிக் கைப்பைக்கு அடியில் வைத்தவரை நினைத்துப் பாருங்கள்: ஆரஞ்சுக்கு நடுவே ஒரு கறுப்புத் தண்டு. அவர் பையைத் தனித் தட்டுக்குத் தள்ளுவார்கள், வேட்டியைப் பிரிப்பார்கள், விளக்கின் தட்டு வேறு தண்டு வேறாகக் கழற்றுவார்கள், வெடிமருந்துத் தடயம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு துணிப் பட்டையால் துடைத்து இயந்திரத்தில் வைப்பார்கள். குற்றம் ஒன்றுமில்லை, ஆனால் கால் மணி நேரம் போகும். பெரிய பெட்டியில், தட்டையும் தண்டையும் கழற்றித் தனித்தனியாக வைத்தால் இந்த வேலையே இல்லை.

வளைகுடா வழியாகப் போகிறவர்கள் இரண்டு பொருளில் கவனமாக இருங்கள். ஒன்று கசகசா. நம் வீட்டுக் குருமாவுக்கு அரைக்கிற அதே கசகசா அமீரகத்தில் தடைசெய்யப்பட்ட பொருள். மாறிப் போகிறவர்தானே என்று நினைக்க வேண்டாம். மசாலாப் பொட்டலங்களோடு சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். இரண்டாவது வலி மாத்திரை. இங்கே மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கும் சில வலி மாத்திரைகளிலும் இருமல் மருந்துகளிலும் கோடீன் இருக்கிறது. அமீரகத்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. டிரமடோலும் அப்படியே. அட்டையின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். தேவையான மருந்தாக இருந்தால் டாக்டர் கடிதமும் அந்நாட்டின் முன் அனுமதியும் வாங்குங்கள். தேவையில்லை என்றால் கொண்டுபோகவே வேண்டாம்.

நம் குடும்பங்களில் சர்க்கரை நோய் இல்லாத வீடு அபூர்வம். இன்சுலின் எப்போதும் கைப்பையில். சாமான் அறையின் குளிரில் அது உறைந்தால் அப்புறம் பயன்படாது. ஊசி, பேனா, மானி எல்லாவற்றையும் மருந்துச் சீட்டோடு ஒரே பையில் வைத்து, ஸ்கேனருக்கு முன்பே எடுத்துக் காட்டிவிடுங்கள். மருந்துக்கு 100 மில்லி விதியில் விலக்கு உண்டு. இந்தியா போகும்போது அந்த நாள் மூன்றரை மணி நேரம் குறைகிறது, வரும்போது அதே அளவு நீள்கிறது. நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை எப்போது போடுவது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கல்யாணத்துக்கு நகை கொண்டுபோகிறவர்கள் போகும்போதே இங்குள்ள சுங்கத்தில் பதிவு செய்து சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது "இது நம்முடையது" என்று வாயால் சொல்லி நிரூபிக்க முடியாது. நகை, பாஸ்போர்ட், மருந்து, பணம், ஒரு மாற்று உடை இவை எந்தக் காரணத்துக்காகவும் பெரிய பெட்டிக்குள் போகக் கூடாது.

கடைசியாக எடை. பெட்டிக்கு 23 கிலோ என்றால் வீட்டில் 22இல் நிறுத்துங்கள். கவுன்டருக்குப் பக்கத்தில் தரையில் பெட்டியைத் திறந்து, சித்திக்குக் கொண்டுபோகும் சாக்லேட்டையும் மாமாவின் சட்டைகளையும் கைப்பைக்கு மாற்றும் குடும்பத்தை எந்த நாள் போனாலும் பார்க்கலாம். ஒரு சின்னத் தொங்கு தராசு வாங்கினால் அந்தக் கஷ்டம் இல்லை.

விமான நிலையத்தில்

கிங் ஷாகா விமான நிலையம் டர்பனுக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டரில், லா மெர்சியில் இருக்கிறது. சாட்ஸ்வொர்த் பக்கமிருந்து வருபவர்கள் ஊரையே கடந்து வர வேண்டும். காலை நெரிசலைக் கணக்கில் வைத்து, விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு அங்கே இருங்கள்.

கவுன்டரில் பெட்டியில் ஒட்டும் பட்டையை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். கடைசி ஊராகச் சென்னைக்கான "எம்ஏஏ" என்ற மூன்றெழுத்து இருக்க வேண்டும். துபாயின் "டிஎக்ஸ்பி" மட்டும் இருந்தால் அங்கேயே நின்று கேளுங்கள். உங்களுக்குத் தரும் சின்னத் துண்டுச் சீட்டைப் பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள், பெட்டியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புச் சோதனையில் லேப்டாப், பெல்ட், சில்லறை, கைபேசி எல்லாம் தட்டில். கனமான தாலிக்கொடி, மெட்டி, வளையலுக்குக் கருவி சத்தம் போடலாம். தாலியைக் கழற்றத் தேவையில்லை. பெண் அதிகாரியே சோதிக்க வேண்டும் என்றும், தனி அறையில் வேண்டும் என்றும் கேட்கலாம். கேட்பதில் கூச்சமே வேண்டாம், தினமும் கேட்கிறார்கள். மாறும் ஊரிலும் கைப்பையை மறுபடி சோதிப்பார்கள். விமானத்தில் கொடுத்த தண்ணீர்ப் புட்டியை இறங்கும் முன்பே குடித்துவிடுங்கள். வரியில்லாக் கடையில் வாங்கிய திரவத்தை முத்திரையிட்ட பையிலிருந்து பிரிக்காதீர்கள்.

விமானத்துக்குள் சொல்ல அதிகமில்லை. காற்று மிக வறண்டிருக்கும், தண்ணீர் குடியுங்கள். துபாய்க்கு ஏறத்தாழ எட்டு மணி நேரம் என்பதால் இடையிடையே எழுந்து நடங்கள், கணுக்காலைச் சுழற்றுங்கள். கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். இறங்கத் தொடங்கும்போது குழந்தைகளை எழுப்பி மிட்டாயோ பாலோ கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது வலி குறையும்.

ஜெட்லாக்

ஒப்பந்தக் கூலிகளாக வந்த முதல் இந்தியர்களை ஏற்றிக்கொண்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் வந்திறங்கிய ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து வாரக்கணக்கில் கடலில் வந்தது. அதில் வந்தவர்கள் எத்தனையோ துன்பம் பட்டார்கள். ஆனால் மூன்றரை மணி நேர வித்தியாசத்துக்கு அவர்கள் உடம்பு ஒரு நாளைக்குச் சில நிமிடம் மட்டுமே மாற வேண்டியிருந்தது. நாம் ஒரே இரவில் மாறச் சொல்கிறோம். கிழக்கே போகும்போது உடம்பு சராசரியாக ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் நகரும். அதனால் சென்னையில் தூக்கம் சரியாக மூன்று நான்கு நாளாவது ஆகும். இரவு பத்து மணிக்குப் படுத்தால் உடம்புக்கு அப்போது மாலை ஆறரை. தூக்கம் வராதது இயல்பு, படுக்கையில் புரண்டு கவலைப்பட வேண்டாம்.

இதைச் சரிசெய்யும் முதல் மருந்து வெளிச்சம், ஆனால் எந்த நேரத்து வெளிச்சம் என்பதுதான் முக்கியம். டர்பனில் வழக்கமாகக் காலை ஆறு மணிக்கு எழுபவருக்கு உடம்பின் நள்ளிரவு என்று சொல்லத்தக்க நேரம் விடியற்காலை நான்கு வாக்கில் வரும். சென்னையில் அது காலை ஏழரை. அதற்கு முன்னால் கண்ணில் படும் வெளிச்சம் உடம்பை இன்னும் பின்னுக்குத் தள்ளும். அதற்குப் பின்னால் படுவது முன்னுக்கு இழுக்கும். எனவே முதல் நாள் விடிந்தும் விடியாமலும் இறங்கி, கார் ஜன்னல் வழியே சூரிய உதயம் பார்த்துக்கொண்டு போக வேண்டாம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். எட்டு மணிக்கு மேல் மொட்டை மாடியிலோ கோயில் பிரகாரத்திலோ ஒரு மணி நேரம் இருங்கள். அடுத்தடுத்த நாள் ஒரு மணி நேரம் முன்னதாக வெளிச்சத்துக்கு வரலாம்.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே தினமும் அரை மணி நேரம் முன்னதாகப் படுத்து எழுந்தால் வேலை பாதியாகக் குறையும். காபி குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் அதில் பாதி உடம்பில் இருக்கும், ஆகவே முதல் சில நாள் மத்தியானத்துக்கு மேல் டிகாஷன் வேண்டாம். பார்க்கும் வீட்டிலெல்லாம் டம்ளரை நீட்டுவார்கள், மோர் கேளுங்கள். மத்தியானம் கண் சொருகினால் அலாரம் வைத்து அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். முதல் இரண்டு நாளில் நீண்ட கார்ப் பயணம் வைக்காதீர்கள், நீங்கள் ஓட்டவே கூடாது.

திரும்பி வரும்போது

சென்னை விமான நிலையத்துக்குள் டிக்கெட் உள்ளவர்களை மட்டும்தான் விடுவார்கள். டர்பன் மாதிரி குடும்பமே கவுன்டர் வரை வர முடியாது, விடைபெறுவதை வாசலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

காவடிக்கு மயிற்பீலி வாங்க ஆசைப்படுவீர்கள். இந்தியாவிலிருந்து மயிலிறகை வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிலைகளுக்கும் அப்படியே. புதுச் சிலை என்றால் கடை ரசீதைச் சிலையோடு வையுங்கள். தென்னாப்பிரிக்காவுக்குள் செடி, விதை, பழம், இறைச்சி, பால் பொருள், தேன் இவற்றை அனுமதிச் சீட்டு இல்லாமல் கொண்டுவர முடியாது. ஊர்க் கறிவேப்பிலைக் கன்று ஒன்றை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவர நினைப்பவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அந்தச் செடியில் வாழும். இங்கே எத்தனையோ குடும்பங்கள் அந்தத் தோட்டங்களை நம்பிப் பிழைக்கின்றன.

பெட்டி வரவில்லை என்றால் வெளியே போகும் முன்பே அங்குள்ள கவுன்டரில் எழுதிக் கொடுத்து எண் வாங்குங்கள். சர்வதேச ஒப்பந்தப்படி சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும், தாமதமாகக் கிடைத்த பெட்டிக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். அந்தத் துண்டுச் சீட்டும் படமும் அப்போதுதான் உதவும்.

மேற்கே வரும்போது தூக்கம் சீக்கிரம் சரியாகும். இரவு ஒன்பதுக்கு முன் படுக்காமல் இருங்கள், சாயங்கால வெயிலில் நடங்கள். ஜூன் மாதம் வந்தால் இங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடும், அதனால் நாலு மணிக்கே வெளியே இறங்கிவிடுங்கள். விடியற்காலை இரண்டரைக்கு முழிப்பு வந்தால் விளக்கையோ கைபேசியையோ போடாமல் ஐந்து மணி வரை இருட்டிலேயே படுத்திருங்கள். வேலைக்குத் திரும்புவதற்கு முன் இரண்டு நாள் இடைவெளி இருக்கும்படி டிக்கெட் எடுத்திருந்தால் இன்னும் நல்லது.